அடுத்தவர் கதையில் அகப்படுதல்

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நகரம் விழுவதற்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலை போனது, கவர்னர் எந்த முகத்தோடு பேசினார், யார் தன்னைப் புகழ்ந்தார், யார் கோள் மூட்டினார் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ் வாழ்வை அறிய அதற்கு ஈடான ஆவணம் வேறு இல்லை. ஆனால் பிள்ளை தன்மீது தானே வழக்குத் தொடுத்துக்கொண்ட பக்கங்கள் அதில் மிக அரிது.

அதே 1761இன் தொடக்கத்தில் பாரிசில் ரூசோவின் ‘ஜூலி’ என்ற நாவல் விற்பனைக்கு வந்தது. கடிதங்களாலேயே கட்டிய காதல் கதை. அதைப் படித்தவர்கள் ரூசோவுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். அழுது தீர்த்ததாகச் சிலர், பழைய தவறுகளை நினைத்து வெட்கப்பட்டதாகச் சிலர், இனி ஒழுங்காக வாழப்போவதாகச் சிலர். அந்தக் கடிதங்களை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் 1984இல் விரிவாக எழுதினார். 1800க்குள் அந்த நாவல் எழுபது பதிப்புகளாவது கண்டது என்பது அவர் தரும் கணக்கு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. சொந்த வாழ்க்கையை நாள் தவறாமல் எழுதியவருக்கு வராத விசாரணை, இல்லாத ஒரு பெண்ணின் கதையைப் படித்தவர்களுக்கு எப்படி வந்தது? வந்தது உண்மையான விசாரணைதானா, அழுவதில் உள்ள சுகம் மட்டும்தானா? நாவல் படிப்பதால் மனிதர் தம்மை நேர்மையாகப் பார்க்கிறார்களா என்ற பழைய கேள்வியை, பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து புழங்கிய இந்த ஊரிலிருந்தும் இதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

நாவலுக்கு முன்பு

தன்னைத் தானே விசாரிக்கும் பழக்கத்தை நாவல் கண்டுபிடிக்கவில்லை. புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோவில் என்று ஊர் அழைக்கும் பேராலயம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் கத்தோலிக்கர் அதற்கு முன்பு ஆத்தும சோதனை செய்ய வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதை மீறினோம், எத்தனை முறை மீறினோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். விசாரணைக்குப் பட்டியல் உண்டு. கேட்பதற்குக் குருவானவர் உண்டு. முடிவில் மன்னிப்பும் உண்டு.

தெற்கே சில மணி நேரப் பயணத்தில் வடலூர். இராமலிங்க வள்ளலார் 1854இல் ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலை வெளியிட்டார். மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேரின் சக்கரத்தில் கன்று அகப்பட்டு இறந்த கதை எல்லாருக்கும் தெரியும். வள்ளலார் அதைச் சொல்லும்போது, செய்தி கேட்ட மன்னன் மகனைக் கடிந்துகொள்வதற்கு முன்பு, இப்படியொரு துயரம் நேர்வதற்குத் தான் என்ன பாவம் செய்தேனோ என்று அடுக்கடுக்காகத் தன்னையே கேட்டுக்கொள்கிறான். அந்தப் பட்டியலில் ஓர் அரசனுக்குப் பொருந்தாத குற்றங்களும் இருக்கின்றன. வீட்டுக்காரர், வியாபாரி, மாணவர் என்று யார் படித்தாலும் தமக்குரிய வரி ஒன்றாவது அதில் அகப்படும். அதனால்தான் அந்தப் பகுதி நூலிலிருந்து பிரிந்து தனியாகவே புழங்கத் தொடங்கியது.

இவை இரண்டிலும் விசாரணை நேரடியானது. வாசகருக்கு முன்கூட்டியே தெரியும், இது தன்னைப் பற்றியது என்று. அந்தத் தெளிவே இதன் பலவீனமும் ஆகிறது. நேராக நம்மை நோக்கி வரும் கேள்விக்கு மனசு சட்டென்று பதில் தயாரித்துவிடும். சூழ்நிலை அப்படி, வேறு வழி இல்லை, எல்லாரும் செய்வதுதானே என்று சாக்குகள் வரிசையில் வந்து நிற்கும்.

தமிழின் முதல் நாவல்கள் இந்த நேரடி வழியிலேயே புறப்பட்டன. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டபோது, தமது முந்தைய நீதிநூல்களில் சொன்ன அறங்களைக் கதையால் விளக்குவதும் தம் நோக்கம் என்றார். அதில் சிரிப்பு உண்டு, சாகசம் உண்டு. வாசகரை உலுக்கும் இடம் குறைவு. நல்லவர் நல்லவராகவே இருந்துவிட்டால் படிப்பவருக்கு வேலை இல்லை. 1898இல் வந்த அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்தில்தான் வேறொன்று நடக்கிறது. படித்தவன், சீர்திருத்த எண்ணம் உள்ளவன், நாம் விரும்பத்தக்க நாராயணன், மனைவி மீது சந்தேகம் கொள்கிறான். அன்றைய பட்டதாரி வாசகர் தம் தரப்பு ஆளாக நினைத்தவன் அவன். அவனே சறுக்கும்போது படிப்பவரின் காலடித் தரையிலும் ஈரம் தெரிகிறது.

ஹ்யூகோ தமிழுக்கு வந்த வழி

அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். 1926இல் ஆசிரமம் உருவானது. அங்கே பல்லாண்டுகள் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார், விக்தோர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிஸெராப்ள்’ நாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950இல் பட்சிராஜா ஸ்டுடியோ அதைப் படமாக எடுத்தது. இயக்கியவர் கே. ராம்நாத், நாகையா நாயகன். விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே கடைசி வரை முன்னொட்டாக நின்றுவிட்டது.

அந்த நாவலில் ஓர் இரவு வருகிறது. ரொட்டி திருடிச் சிறை சென்று மீண்ட ழான் வல்ழான், வேறு பெயரில் ஒரு சிற்றூரின் மேயராகி, தொழிற்சாலை நடத்தி, ஊராரின் மதிப்பைப் பெற்றிருக்கிறான். தொலைவிலுள்ள ஓர் ஊரின் நீதிமன்றத்தில் வேறொருவனை வல்ழான் என்று நினைத்துத் தண்டிக்கப்போகிறார்கள் என்று செய்தி வருகிறது. பேசாமல் இருந்தால் போதும், இவன் என்றைக்கும் தப்பிக்கலாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விடியவிடிய யோசிக்கிறான். தான் போய்விட்டால் தொழிற்சாலையை நம்பிய குடும்பங்கள் என்ன ஆகும் என்று கேட்கிறான். நல்ல கேள்வி, அதுவே மிக நல்ல சாக்கு. பழைய துணிகளை எரிக்கிறான். முன்பு ஓர் ஆயர் இரங்கிக் கொடுத்த வெள்ளி விளக்குத்தண்டுகளையும் தீயில் போடப் பார்க்கிறான்.

விடிந்ததும் வண்டி ஏறுகிறான். அப்போதும் முடிவு எடுத்திருக்கவில்லை. வழியில் சக்கரம் பழுதாகிறது. மாற்று வண்டி இல்லை என்கிறார்கள். அவனுக்குள் பெரிய நிம்மதி பரவுகிறது. தன்னால் ஆனதைச் செய்தாயிற்று, தடுத்தது விதி, இனி மனசாட்சி கேள்வி கேட்க முடியாது. அந்த இடத்தில் வாசகருக்கும் ‘அப்பாடா’ என்று இருக்கும். ஹ்யூகோ விரித்த வலை இதுதான். அடுத்த நிமிடமே ஒரு கிழவி வந்து தன்னிடம் வண்டி இருக்கிறது என்கிறாள். வல்ழானின் நிம்மதியோடு நம் நிம்மதியும் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. நியாயத்தின் பக்கம் நிற்பதாக நினைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு குற்றமற்றவன் தண்டனை அடைவதற்கு நாமும் உள்ளூரச் சம்மதித்திருக்கிறோம்.

நாவலின் வழி என்ன என்பதை இங்கே பார்க்கலாம். அது நம்மைக் கேள்வி கேட்பதில்லை. அடுத்தவன் வழக்கில் நம்மை நீதிபதி ஆக்குகிறது. தீர்ப்பு சொல்லும்போது நாம் தாராளமாக, தயக்கமின்றிச் சொல்கிறோம். நமக்கு அதில் ஆதாயம் இல்லை என்று நம்புகிறோம். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வழக்கில் நாமும் ஒரு கட்சிக்காரர் என்று தெரிகிறது. அப்போது சாக்கு தயாரிக்க நேரம் கடந்துவிட்டது.

ஆனால் ஹ்யூகோவின் நாவலிலேயே இதைவிடக் கடுமையான சோதனை வேறோர் இடத்தில் இருக்கிறது. வல்ழானாகத் தன்னை நினைத்துக்கொள்வது சுலபம். அடிபட்டவன், திருந்தியவன், உயர்ந்தவன். யாருக்குத்தான் அந்த இடம் பிடிக்காது? அதே ஊரில் ஃபாந்தீன் என்ற ஏழைப் பெண் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். திருமணமாகாமல் பிறந்த குழந்தையை எங்கோ வளர்க்கக் கொடுத்திருக்கிறாள். இவள் யாருக்கோ கடிதம் எழுதுகிறாளே என்று ஒரு மூதாட்டிக்குச் சந்தேகம். கைக்காசைச் செலவழித்து அந்தத் தொலைதூரக் கிராமத்துக்கே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். ஃபாந்தீனுக்கு வேலை போகிறது. பிறகு எல்லாம் போகிறது. அந்த மூதாட்டிக்குக் கதையில் சில பக்கங்கள்தான். தான் ஒழுக்கத்தைக் காப்பாற்றியதாகவே நம்புகிறாள். ‘அவள் நான்தான்’ என்று படிக்கும்போது யாருக்காவது தோன்றியிருந்தால், அவர்தான் அந்த நாவலைத் தம்மீது வைத்துப் படித்தவர். அடுத்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்று பால்கனியிலிருந்து பார்க்கும் வழக்கம் எந்த ஊருக்கும் புதிதல்ல.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதன் மையம் இது: நேர்மையான சுயபரிசோதனை நாயகனோடு ஒன்றிப்போகும்போது நிகழ்வதில்லை; நாம் இருக்க விரும்பாத பாத்திரத்தில் நம் சாயல் தெரியும்போது நிகழ்கிறது.

மூன்று வாசகர்கள்

தமிழில் இதற்கு மிகச் சிறந்த சான்று ஒரு நாவலுக்கு உள்ளேயே இருக்கிறது. எழுதியவர் புதுச்சேரிக்குப் பக்கத்துக் கடலூரில், மஞ்சக்குப்பத்தில், 1934இல் பிறந்த ஜெயகாந்தன்.

1966இல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் தெரியாதவன் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். விஷயத்தை வெளியே விடவில்லை. கதைக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று வாதம் செய்தார்கள். கதையின் முடிவை மாற்றி எழுதியவர்களும் உண்டு.

ஜெயகாந்தன் அவர்களுக்குக் கட்டுரையில் பதில் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது வேறு. அந்த அம்மா அப்படிச் செய்யாமல், நீங்கள் சொல்கிறபடியே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவல் எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று 1970இல் நூலாகி, 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1977இல் பீம்சிங் படமாக்கினார்.

நாவலில் கங்காவின் அம்மா கனகம் அன்றைக்குக் கூச்சல் போட்டுவிட்டாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டினான். பன்னிரண்டு ஆண்டு கழித்து, படித்து உத்தியோகத்தில் இருக்கும் கங்கா, ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்பவர் எழுதிய கதையைப் படிக்கிறாள். அது தன் கதை. ஒரே வித்தியாசம், கதையில் வரும் அம்மா தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொள்கிறாள். கங்கா ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லாமல் அம்மாவிடம் அந்தப் பத்திரிகையைப் படிக்கக் கொடுக்கிறாள்.

கனகம் படிக்கிறாள்; அழுகிறாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கதையில் அவள் பெயர் இல்லை. அவள் செய்த தவறும் இல்லை. இருப்பது அவள் செய்யாமல் விட்ட நல்லது மட்டும். எத்தனை சண்டை போட்டிருந்தாலும் கனகத்திடம் பதில் இருந்திருக்கும்: அன்றைக்கு எனக்கு என்ன தெரியும், நான் ஒண்டிக்காரி, உன் அண்ணன் அப்படி, ஊர் அப்படி. கதை அவளிடம் எதையும் கேட்கவில்லை என்பதால் அவள் சொல்வதற்கு இருந்த பதில்கள் எதுவும் உதவவில்லை.

அதே குடும்பத்தில் வெங்கு மாமாவும் இருக்கிறார். சட்டமும் சாஸ்திரமும் கரைத்துக் குடித்தவர். கங்காவுக்கு அடைக்கலம் கொடுத்தவர். அந்த உரிமையில் அவளிடம் அத்துமீறப் பார்ப்பவரும் அவர்தான். படிப்பு அவருக்கு நிறையவே உண்டு. படித்த எல்லாம் அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுதவே அவருக்குப் பயன்படுகிறது. நிறையப் படித்தால் மனசு விரியும் என்று பொதுவாகச் சொல்கிறவர்களுக்கு வெங்கு மாமா ஒரு நிரந்தர மறுப்பு.

மூன்றாவது வாசகர் நாவலுக்கு வெளியே இருந்தவர்: 1966இல் விகடனுக்குக் கோபமாகக் கடிதம் எழுதியவர். அவர் கேட்டது கண்டிப்பான அம்மா. ஜெயகாந்தன் அதைக் கொடுத்தார். அதன் விளைவையும் நானூறு பக்கத்துக்குக் குறையாமல் காட்டினார். எதிர்ப்புத் தெரிவித்த வாசகர், தாம் கேட்டு வாங்கிய முடிவின் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. தமிழ் இதழ் உலகில் வாசகரும் எழுத்தாளரும் இப்படி மோதி, அந்த மோதலே சுயவிசாரணையாக மாறிய நிகழ்வு வேறொன்று இந்த அளவுக்கு இல்லை.

ஏமாற்றும் வாசிப்பு

இவ்வளவும் நாவலுக்குச் சாதகமான தரப்பு. எதிர்த்தரப்பும் வலுவானது, அதை முன்வைத்தவர்களும் நாவலாசிரியர்களே.

ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ 1857இல் நீதிமன்றப் படி ஏறி விடுதலை பெற்றது. அதன் எம்மா இளமையில் நாவல்களாகப் படித்துத் தள்ளியவள். படித்ததெல்லாம் அவளை அவளிடமிருந்து மறைக்கின்றன. கணவன் மந்தமானவனாகத் தெரிகிறான், ஊர் சலிக்கிறது, கடன் ஏறுகிறது. எந்தக் கட்டத்திலும் தவறு தன்னிடம் இருக்கலாம் என்ற எண்ணம் வருவதில்லை. காரணம், அவள் எல்லாக் கதையிலும் நாயகியாகவே இருந்து பழகியவள். தொடர்கதைகளிலும் சீரியல்களிலும் கொடுமைக்கார மாமியாரைத் திட்டித் தீர்க்கும் மாமியார்களை நமக்கும் தெரியும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. ஆல்பெர் காம்யு தமிழுக்குப் புதியவரல்லர். அவருடைய ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக 1980இல் வந்து தமிழ் வாசகர் ஒரு தலைமுறையைப் பாதித்தது. அந்த ஸ்ரீராம் புதுச்சேரியின் ச. மதனகல்யாணியோடு சேர்ந்து மொழிபெயர்த்த ‘குட்டி இளவரசன்’ குழந்தைக் கதை போலத் தோன்றும். அதிலும் தன்னைத் தானே விசாரிப்பது எவ்வளவு கடினம் என்று ஓர் அரசன் பேசும் இடம் உண்டு. காம்யு 1956இல் எழுதிய ‘லா ஷுய்த்’, ‘வீழ்ச்சி’, இந்தக் கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடையது.

அதில் பேசுபவன் பாரிசில் பேர்பெற்ற வக்கீலாக இருந்தவன். ஓர் இரவு பாலத்தைக் கடக்கும்போது, கைப்பிடி ஓரம் நின்ற பெண்ணைத் தாண்டிப் போகிறான். பின்னால் ஏதோ நீரில் விழும் ஓசை, கூக்குரல். அவன் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இப்போது ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் குற்றங்களை எல்லாம் அழகாக ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொள்வதே அவன் தொழில். தன்னை இவ்வளவு இழித்துச் சொல்பவன் முன்னால் கேட்பவரும் இளகித் தம் குற்றத்தைச் சொல்லத் தொடங்குவார். அந்தக் கணம் இவன் நீதிபதி ஆகிவிடலாம். முந்திக்கொண்டு ஒப்புக்கொள்வதால் அடுத்தவரைத் தீர்ப்பிடும் உரிமை கிடைக்கிறது. சுயபரிசோதனையைப் போலவே இருக்கும் இதில் சுயநலம் மட்டுமே இருக்கிறது.

நூறு பேர் முன்னால் ‘நானும் தவறு செய்தவன்தான்’ என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவதை இன்று தினமும் பார்க்கிறோம். காம்யுவின் வக்கீலுக்குக் கேட்பவர் ஒருவராவது தேவை. நாவலை மடியில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. முகம் சிவந்தால் பார்க்க ஆளில்லை, மெச்சவும் ஆளில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இருக்கும் குருவானவரும் இல்லாததால் மன்னிப்பும் கிடைக்காது. வாசிப்பில் வரும் விசாரணை நேர்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றால், அதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம்.

தன்னை இழித்துப் பேசுவதற்கும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பாரதி 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரியில் தலைமறைவாக வாழ்ந்தபோது எழுதி, முடிக்காமல் விட்ட ‘சின்னச் சங்கரன் கதை’ எட்டயபுரத்து ஜமீன் சூழலில் கழிந்த தம் இளமையைக் கேலி செய்வது. புலமைப் பெருமை, வெற்று ஜம்பம், சபையில் கிடைத்த பாராட்டு எல்லாவற்றையும் கிழிக்கிறார். காம்யுவின் வக்கீல் தன் வீழ்ச்சியிலும் பிரம்மாண்டமானவன், சங்கரன் சிறுத்துப்போனவன். சுயவிசாரணை உண்மையானதா என்று அறிய இது நல்ல அடையாளம்: அதன் முடிவில் ஆள் கொஞ்சம் சிறுத்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் நாவல்

இதையெல்லாம் அளந்து பார்க்க உளவியலாளர்களும் முயன்றிருக்கிறார்கள். 2013இல் டேவிட் கிட், இமானுவேல் கஸ்தானோ இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரமான இலக்கியப் புனைவைச் சிறிது நேரம் படித்தவர்கள் பிறர் மனநிலையை அறியும் சோதனையில் மேலாகச் செய்தார்கள் என்றார்கள். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. 2018இல் வேறொரு பெரிய குழு, புகழ்பெற்ற இரண்டு அறிவியல் இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தது. 13இல் மட்டுமே முந்தைய முடிவு உறுதிப்பட்டது; நாவல் சோதனை உறுதிப்படாதவற்றில் ஒன்று. ஒரு பத்தி படித்தால் மனசு திறந்துவிடும் என்பது நடக்கிற காரியமல்ல என்று அனுபவமுள்ள எந்த நூலகரும் முதலிலேயே சொல்லியிருப்பார்.

நம் கேள்விக்கு நெருக்கமானது டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மாயா ஜிகிச், கீத் ஓட்லி முதலியோர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு. 166 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு சாராருக்குச் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ கதை. மறுசாராருக்கு அதே நிகழ்ச்சிகள், அதே நீளத்தில், விவாகரத்து வழக்கின் அறிக்கை போல எழுதப்பட்டவை. படிப்பதற்கு முன்பும் பின்பும் அவர்கள் தங்கள் குணங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொண்டார்கள். கதை படித்தவர்களின் மதிப்பீட்டில் அதிக மாற்றம் தெரிந்தது. மாற்றம் சிறியது, ஆளுக்கு ஒரு திசையில் இருந்தது. இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு: ஒரே அமர்வு, ஒரே கதை, தாமே நிரப்பிய படிவம். ஆனாலும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. நீதி சொல்லும் கதையாக இருந்திருந்தால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். செகாவ் அவரவரை அவரவரிடமே அனுப்பிவைத்தார்.

ஊர் தன்னைப் பார்த்துக்கொள்வது

தனிமனிதரைப் போல ஓர் ஊரும் நாவல் வழியே தன்னை விசாரிக்க முடியுமா? புதுச்சேரியில் இதற்கு முயன்றவர் பிரபஞ்சன் (1945–2018). ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரு நாவல்களை எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கவர்னர், துபாஷி, நவாபு என்று மேலே இருப்பவர்களோடு நில்லாமல், தாசிகளும் சிப்பாய்களும் குடியானவர்களும் அந்த வரலாற்றில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டவர் அவர்.

கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி, நடுவே வாய்க்கால் என்று பிரிந்த ஊர் இது. இன்று அந்தப் பழைய வீதிகள் சுற்றுலாப் படத்துக்குரிய மஞ்சள் சுவர்களாகிவிட்டன. நாட்குறிப்பில் வேறு விஷயங்கள் இருக்கின்றன. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது; ஆட்களைப் பிடித்து அடிமைகளாகக் கப்பல் ஏற்றிய செய்தியும் அதிலேயே உண்டு. ஏற்றியவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர் என்று சொல்ல முடியாது. பிடித்துக் கொடுத்த கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன. புதுச்சேரி மண்ணிலிருந்து பிரான்சுக்குப் போய் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா, ‘நீலக்கடல்’ நாவலில் மொரீஷியஸ் தீவுக்குப் போன தமிழரின் கதையை எடுத்தது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. ‘நம்மை ஆண்டார்கள்’ என்ற வாக்கியத்தில் சொல்பவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர். ஆட்சிக்குத் தரகு பார்த்தவர் யார் என்று நாவல் கேட்கும்போதுதான் விசாரணை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ராஜ் கௌதமன் (1950–2024) இதைத் தம்மீதே செய்துகொண்டார். 2002இல் வந்த ‘சிலுவைராஜ் சரித்திரம்’ ஏறக்குறைய அவருடைய வாழ்க்கைதான். ‘நான்’ என்று எழுதாமல் சிலுவை என்று ஒருவனை நிறுத்தி, அவனுடைய பயம், பொய், ஆசை, சாதி இழிவுக்கு முன்னால் அவன் போட்ட வேஷங்கள் எல்லாவற்றையும் இரக்கமின்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார். அநீதிக்கு ஆளான ஒருவர் தம்மைத் தியாகியாகக் காட்டிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தும், அந்த வாய்ப்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. விருத்தாசலம் வட்டாரத்து இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இன்னும் சங்கடமான இடத்தைத் தொட்டது. ஒடுக்கப்பட்டவர்களுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை அது. ஒடுக்கப்பட்டவர் தமக்குக் கீழே ஒருவரை வைத்திருந்ததைச் சொல்லலாமா, சொன்னால் யாருக்கு லாபம் என்று தலித் இலக்கிய வட்டத்திலேயே கடும் விவாதம் நடந்தது. அந்த விவாதம் நடந்ததே நாவலின் வெற்றி.

எல்லா ஊரும் அப்படி விவாதிப்பதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. குழந்தை இல்லாத தம்பதியை ஊர் எப்படிக் குத்திக் குதறுகிறது என்பதே அந்த நாவலின் மையம். கிளர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசவே இல்லை. பெருமைக்கு இழுக்கு என்று ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். தங்கள் சொல்லால் புண்பட்ட வீடுகள் எத்தனை என்ற கேள்வி அப்படியே கிடந்தது. நாவல் தரும் விசாரணையைத் தவிர்க்க ஆகச் சிறந்த வழி, நாவலை விசாரிக்கத் தொடங்குவதுதான்.

எந்தக் கதையைத் தேர்ந்தோம்?

உலகம் புதுச்சேரியை அதிகம் அறிந்தது யான் மார்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ (2001) வழியாக. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் தொடங்கும் அந்த நாவலில், தாவரவியல் பூங்காவின் மிருகக்காட்சிசாலைச் சிறுவன் கடலில் புலியோடு தனித்து விடப்படுகிறான். அது முடிந்த பிறகு அவன் இரண்டாவதாக ஒரு கதை சொல்கிறான். அதில் விலங்குகள் இல்லை. மனிதர்களே மனிதர்களைக் கொல்கிறார்கள், தின்கிறார்கள். எது நல்ல கதை என்று விசாரணை அதிகாரிகளிடம் கேட்கிறான். அவர்களோடு நாமும் புலிக் கதையைத்தான் விரும்புகிறோம். பிறகு உறைக்கிறது: தாங்க முடியாத உண்மைக்கு மேல் அழகான கதையை விரிப்பது அந்தச் சிறுவன் மட்டும் செய்தது அல்ல. ஒவ்வொரு குடும்பத்திலும் புலிக் கதை ஒன்று இருக்கிறது. சொத்து எப்படி வந்தது, அத்தை ஏன் தனியாக இருந்தாள், அண்ணன் ஏன் பேசுவதில்லை என்பதற்கெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வடிவம் உண்டு.

நம் வகுப்பறைகள் இந்தப் பக்கமே வருவதில்லை. நாவல் துணைப்பாடமாக இருக்கிறது. தேர்வில் கதைமாந்தர் பண்புநலனை விவரிக்கச் சொல்கிறார்கள், நாவல் உணர்த்தும் நீதியைக் கேட்கிறார்கள். மாணவர் நாயகியின் பொறுமையை ஐந்து தலைப்பில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். 1827இல் தொடங்கிய பொது நூலகத்துக்கு ரொமேன் ரோலான் என்ற நாவலாசிரியரின் பெயரை வைத்திருக்கும் ஊர் இது. இங்கேயாவது கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். இந்த நாவலில் யார்மீது உனக்கு மிகுந்த எரிச்சல் வந்தது? அவர் செய்ததில் எது நீயும் செய்யக்கூடியது? இதற்கு விடைத்தாளில் பதில் எழுத வேண்டாம். மதிப்பெண் போட்டால் காம்யுவின் வக்கீல்கள்தான் உருவாவார்கள். படித்து முடித்தவர் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும்.

இதற்கு மேல் நாவலிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தன்னைக் கண்டுகொள்வது வேறு, கண்டபின் நடப்பது வேறு. ஜாவர் கூடக் கடைசியில் தன்னை விசாரித்துக்கொண்டவன்தான். அதைத் தாங்க முடியாமல் சேன் நதியில் விழுந்தான். கனகம் அழுதது உண்மையான அழுகை. ஆனால் அது கங்காவைக் காப்பாற்றவில்லை. நாவலின் முடிவில் அவள் குடிக்குப் பழகி, முன்னிலும் தனியளாகிறாள். பன்னிரண்டு ஆண்டு முன்பு அந்தக் கதை கனகத்தின் கையில் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் படிக்கும் யாருக்கும் வரும். அவளுக்குத் தாமதமாகக் கிடைத்தது. வாசகருக்கோ, அவர் வீட்டில் அப்படியொரு மழை இரவு வருவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. நாவலால் செய்ய முடிந்த உதவி அந்த அவகாசம்தான். அதை என்ன செய்கிறோம் என்பதற்கு நாவல் பொறுப்பில்லை.